வேறு நாட்டுப் பள்ளிகளில் இனப்படுகொலை வரலாற்றை எப்படிப் படிப்பிக்கிறார்கள்? ஆறு பாடவேளைக்கு எது சரிவரும்?

#1 கரும்பலகை, வெள்ளவத்தை

தரம் 11 வரலாற்றில் உலகப் போர்கள் அலகு முடிந்தபிறகு ஆறு மேலதிகப் பாடவேளை கிடைக்கிறது. ஒவ்வொன்றும் 40 நிமிடம். முப்பது பிள்ளைகள், தமிழ் மூலம், 15–16 வயது. பாடநூல் போர், உடன்படிக்கை, ஐ.நா. என்று வேகமாக ஓடிவிடுவதால், இந்த ஆறையும் இனப்படுகொலைக்கு ஒதுக்கலாம் என்று யோசனை.

ஜேர்மனி, ருவாண்டா, பொஸ்னியா, கம்போடியா, இங்கிலாந்து இவை எப்படிச் செய்கின்றன என்று தெரிந்தவர்கள் எழுதுங்கோ. “பிள்ளைகளிடம் மனிதநேயம் வளரும்” என்ற மாதிரிப் பதில் வேண்டாம். என்ன வரிசை, எத்தனை ஆவணம், எந்த இடத்தில் பிழைக்கும், ஏன் பிழைக்கும்: இவ்வளவும்தான் தேவை.

#2 மூலாதாரம்

முதலில் ஜேர்மனி. அங்கே நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம் கிடையாது. கல்வி 16 மாநிலங்களின் கையில் இருக்கிறது. பெரும்பாலும் 9ஆம் அல்லது 10ஆம் வகுப்பு வரலாற்றில் நாசி ஆட்சி வரும். இலக்கியம், சமயம், அரசியல் பாடங்களிலும் அதைத் தொட்டுக்கொண்டு போவார்கள். பவேரியா மாநிலத்தில் கிம்னாசியம், றியால்சூல என்ற இரண்டு வகை இடைநிலைப் பள்ளி மாணவர்கள் ஒரு முகாம் நினைவிடத்துக்குப் போவது கட்டாயம். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது 1976இல் பொய்ட்டெல்ஸ்பாக் என்ற ஊரில் நடந்த மாநாட்டிலிருந்து வந்த மூன்று விதிகளை. ஒன்று, ஆசிரியர் பிள்ளையைத் திணறடித்துத் தன் முடிவுக்கு இழுக்கக்கூடாது. இரண்டு, ஆய்விலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வரவேண்டும். மூன்று, பிள்ளை தான் நிற்கும் இடத்திலிருந்து அரசியலை ஆராயப் பழகவேண்டும்.

இரண்டாவது விதியைத்தான் பலர் பிழையாகப் பிடிக்கிறார்கள். கொலை நடந்ததா என்பதற்கு இரண்டு பக்கம் தேடவேண்டிய அவசியமே இல்லை. முடிவை யார், எப்போது எடுத்தார்கள், கீழ்மட்ட அதிகாரிகள் எவ்வளவு தூரம் தாங்களாகவே முந்திக்கொண்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகிறார்கள். அந்த மாறுபாட்டை மறைக்காதே என்பதுதான் விதி.

நினைவிடப் பயணத்தில் எது பிழைக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பவேரியாவிலுள்ள டாக்கவ் முகாம் 1933 மார்ச்சில் திறக்கப்பட்டது. முதலில் அடைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும். யூதர்களை நச்சுவாயுவால் பெருந்தொகையாகக் கொன்ற இடங்கள் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் இருந்தன: ட்ரெப்ளிங்கா, சோபிபோர், பெல்செக், அவுஷ்விட்ஸ்-பிர்கெனவ். முன்னாயத்தம் இல்லாமல் டாக்கவ் போகிற பிள்ளை எல்லா முகாமும் ஒன்றுதான் என்ற எண்ணத்தோடு திரும்பும். பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. அதனால் போகமுன் ஒரு வகுப்பு, வந்தபின் ஒரு வகுப்பு. கொழும்பில் இருந்துகொண்டு நாங்கள் டாக்கவ் போகப்போவதில்லை. ஆனால் யூடியூப்பில் ஒரு காணொளியைப் போட்டுவிட்டு மணி அடித்ததும் கலைந்துபோனால் விளைவு இதேதான்.

#3 ஆவணக்காரி

கரும்பலகை சேர், ஆறு பாடவேளைக்கு ஆறு ஆவணம் போதும். ஏழாவது வேண்டாம். ஒரு வகுப்புக்கு மூன்று நான்கு ஆவணம் கொடுத்தால் பிள்ளைகள் ஒன்றையும் ஒழுங்காக வாசிக்காமல் கடைசிப் பந்தியைக் கொப்பியில் பார்த்து எழுதும்.

ஒரு மாதிரி தருகிறேன். 1942 ஜனவரி 20, பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகையில் நடந்த கூட்டத்தின் குறிப்பேடு. வந்தவர்கள் 15 பேர். நாசிப் பாதுகாப்புத் தலைமையகத்தின் தலைவர் ஹைட்ரிக் தலைமை, குறிப்புக்குப் பொறுப்பு அவருக்குக் கீழிருந்த அலுவலர் ஐக்மன். 30 பிரதிகள் தயாரானதில் 16ஆம் இலக்கப் பிரதி மட்டும் போருக்குப்பின் வெளிநாட்டமைச்சுக் கோப்புகளில் அகப்பட்டது. அதன் 6ஆம் பக்கத்தை மட்டும் எடுங்கள். அது ஒரு பட்டியல்: இடதுபக்கம் நாடு, வலதுபக்கம் யூதர் தொகை.

தலைப்பை மறைத்துவிட்டு இருவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். முதல் 10 நிமிடம் ஒரே கேள்வி: இது என்ன பட்டியல், எந்த அலுவலகம் தயாரித்திருக்கும்? பிள்ளைகள் குடிசனமதிப்பு என்பார்கள், ஏதாவது வர்த்தகக் கணக்கு என்பார்கள். விட்டுவிடுங்கள்.

அடுத்த 15 நிமிடத்தில் நான்கு வரியைச் சுட்டிக்காட்டுங்கள். இங்கிலாந்து 3,30,000. அயர்லாந்து 4,000. சுவிற்சர்லாந்து 18,000. அல்பேனியா 200. இங்கிலாந்து அவர்கள் பிடிக்காத நாடு, அயர்லாந்தும் சுவிற்சர்லாந்தும் நடுநிலை நாடுகள். பிறகு ஏன் பட்டியலில்? எங்கோ மூலையில் இருக்கும் 200 பேரைக்கூட ஒரு அலுவலர் எண்ணித் தட்டச்சு செய்திருக்கிறார் என்பது அந்த இடத்தில் தானாக விளங்கும். ஆசிரியர் வாய்திறக்கத் தேவையில்லை.

பிறகு எஸ்தோனியா. எண் இல்லை, அங்கே யூதர் எவரும் மிச்சமில்லை என்ற குறிப்பு மட்டும். அதற்குக் கீழே லாத்வியா 3,500. 1935 கணக்கெடுப்பில் லாத்வியாவில் இருந்த யூதர் 90,000க்கு மேல். மிச்சப்பேர் எங்கே? சிலர் சோவியத்துக்குள் தப்பினார்கள், பெரும்பாலானவர்கள் 1941இலேயே சுட்டுக்கொல்லப்பட்டுவிட்டார்கள். அதாவது அந்தக் கூட்டம் கொலையைத் தொடங்கிவைக்கவில்லை. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை அமைச்சுகளுக்கிடையில் ஒழுங்குபடுத்தியது. பாடநூல்களில் அடிக்கடி வரும் “வான்சேயில் முடிவு எடுத்தார்கள்” என்ற பிழையை இந்த ஒரு வரியை வைத்தே பிள்ளைகள் தாங்களாகத் திருத்திவிடும்.

கடைசி 10 நிமிடம், தலைப்பைக் காட்டி, வந்த 15 பேரின் அலுவலகங்களை வாசியுங்கள்: உள்துறை, நீதி, வெளிநாட்டமைச்சு... பாதிக்கு மேற்பட்டோர் கலாநிதிப் பட்டக்காரர்.

#4 வெண்கட்டி

அருமையான பாடம்தான் அக்கா, ஆனால் பட்டியலையும் திகதியையும் வைத்து 15 வயதுப் பிள்ளைக்கு உணர்வு வருமா? பாதிப் பிள்ளைகளுக்குக் கையில் பட்டி கட்டி, மற்றப் பாதி அவர்களோடு ஒரு நாள் கதைக்காமல் இருப்பது மாதிரி ஒரு நடிப்புப் பயிற்சி வைத்தால்? படங்களும் காட்டலாமே.

#5 மூலாதாரம்

தம்பி, அதை மட்டும் செய்யாதேங்கோ.

வாஷிங்டனிலுள்ள ஹொலோகோஸ்ட் (நாசிகள் செய்த யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகத்தின் ஆசிரியர் வழிகாட்டியும், சர்வதேச ஹொலோகோஸ்ட் நினைவுக் கூட்டணியின் 2019 பரிந்துரைகளும் இந்த நடிப்புப் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொல்கின்றன. காரணம் நடைமுறையானது. பிள்ளைக்கு மாலையில் வீட்டுக்குப் போகலாம் என்று தெரியும். ஆகவே அது படிப்பது இன்னொன்றை. சில பிள்ளைகள் ஒடுக்குகிற பக்கத்தை ரசிக்கத் தொடங்கும், அதை வகுப்பில் நிறுத்தமுடியாது. இன்னும் சில, “எனக்கு இப்போது அவர்களுடைய வலி விளங்குகிறது” என்று நம்பிவிடும். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

உணர்வைத் திணித்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ் உதாரணம். 2008 பெப்ரவரியில் ஜனாதிபதி சார்க்கோசி, ஆரம்பப் பள்ளிக் கடைசி வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரான்சிலிருந்து நாடுகடத்திக் கொல்லப்பட்ட ஒரு யூதக் குழந்தையின் நினைவைப் பொறுப்பாகக் கொடுக்கலாம் என்றார். கொல்லப்பட்ட குழந்தைகள் சுமார் 11,000. முதலில் எதிர்த்தவர்களில் ஒருவர் சிமோன் வேய்ல், அவரே அவுஷ்விட்ஸிலிருந்து மீண்டவர். பத்து வயதுப் பிள்ளையின் தலையில் செத்த பிள்ளையைச் சுமத்த முடியாது என்பதுதான் வாதம். யோசனை கைவிடப்பட்டது.

படங்கள் பற்றி: வோர்சோ கெற்றோவில் (யூதரை அடைத்துவைத்த நகரப் பகுதி) கையைத் தூக்கி நிற்கும் சிறுவனின் படம் கொலைகாரரின் சொந்த அறிக்கைக்காக எடுத்தது. பிர்கெனவ் ரயில் மேடையில் 1944இல் ஹங்கேரி யூதர் வந்திறங்கும் படங்களை எடுத்தவர்களும் நாசிகளின் எஸ்.எஸ். படை ஆட்கள். ஆகவே எந்தப் படத்துக்கும் முதல் கேள்வி, கமராவுக்குப் பின்னால் நின்றது யார்? பிணக்குவியல் படம் ஒன்றுகூட வேண்டாம். பின்வாங்கு பெடியள் அதைக் கைபேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள், அத்தோடு பாடம் முடிந்தது.

#6 தெமட்டகொடை நானா

ஐரோப்பாவையே சுற்றாமல் ருவாண்டாவுக்கு வாருங்கள். எங்கட நிலைக்கு அதுதான் கிட்ட.

1994 ஏப்ரல் 7 தொடங்கி சுமார் நூறு நாளில் 8 லட்சம் தொடக்கம் 10 லட்சம் பேர், பெரும்பாலும் சிறுபான்மையான துட்சிகள், பெரும்பான்மையான ஹுட்டுக்களின் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டார்கள். அதற்கு முந்திய பள்ளிக்கூடமே குற்றத்தில் பங்காளி: துட்சிகள் எதியோப்பியப் பக்கமிருந்து வந்தேறியவர்கள் என்ற காலனித்துவக் கதை வகுப்பில் ஓடியது. ஹுட்டு எழும்பு, துட்சி எழும்பு என்று பிள்ளைகளைப் பிரித்து எண்ணினார்கள். இனம் குறித்த அடையாள அட்டை 1930களில் பெல்ஜியம் கொண்டுவந்தது. அறுபது வருடம் கழித்து வீதித் தடையில் அதைப் பார்த்துத்தான் வெட்டினார்கள்.

படுகொலை முடிந்ததும் அரசு வரலாற்றுப் பாடத்தையே நிறுத்தி வைத்தது. பழைய கதையைப் படிப்பிக்க முடியாது, புதியது எழுதி முடியவில்லை. நோக்கம் விளங்குகிறது. ஆனால் பள்ளி பேசாத இடத்தை வீடு நிரப்பும். ஒவ்வொரு வீடும் வேறு கதை சொல்லும். 2006இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மூலங்களை வைத்து விவாதிக்கும் ஆசிரியர் வளநூல் ஒன்று தயாரானது. 2015 பாடத்திட்டத்தில் இனப்படுகொலை பற்றிய கல்வி எல்லாப் பாடங்களுக்கும் குறுக்கே ஓடும் விடயமானது. பிரச்சினை இப்போது வேறு: இனப்படுகொலைச் சிந்தனைக்கு எதிரான சட்டம் கடுமையானது, அதனால் ஆசிரியர் உத்தியோகபூர்வக் கதையைவிட்டு ஒரு அடி விலகப் பயப்படுகிறார். விவாதிக்கத் தயாரித்த முறையும் விவாதத்துக்குப் பயப்படும் வகுப்பும் ஒத்துப்போவதில்லை.

பொஸ்னியாவும் மௌனத்தைப் பரீட்சித்தது. 1992–95 போரைப் படிப்பிப்பதை இடைநிறுத்தும்படி ஐரோப்பிய மன்றம் 2000இல் பரிந்துரைத்தது. பல வருடம் வகுப்பில் போர் இல்லை. இப்போது ஸ்ரெப்ரெனிட்சாவில் 8,000க்கு மேற்பட்ட பொஸ்னியாக்குகள் (பொஸ்னிய முஸ்லிம்கள்) கொல்லப்பட்டது சரயேவோ வகுப்பறையில் இனப்படுகொலை; சேர்ப் நிர்வாகப் பகுதியில் அந்தப் பெயர் இல்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 2001இலும் சர்வதேச நீதிமன்றம் 2007இலும் தீர்ப்புச் சொன்ன பிறகும் அப்படி. சில ஊர்களில் ஒரே கட்டடத்தில் பொஸ்னியாக், குரோவாசியப் பிள்ளைகளுக்கு வெவ்வேறு வாசல், வெவ்வேறு பாடநூல்.

#7 பரீட்சைத்தாள்

இங்கிலாந்து பற்றி ஒருவரும் சொல்லவில்லை. 11–14 வயது வரலாற்றுப் பாடத்திட்டத்தில் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கிய ஒரே தலைப்பு ஹொலோகோஸ்ட்தான், மற்றதெல்லாம் உதாரணம். அப்படிக் கட்டாயமாக்கியும் லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தின் ஹொலோகோஸ்ட் கல்வி மையம் 2016இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பொறுப்பு முழுவதையும் ஹிட்லர் என்ற ஒரு மனிதனில் போடுகிற பிள்ளைகள் ஏராளம். ஜேர்மன் மக்கள்தொகையில் யூதர் எவ்வளவு என்று கேட்டால் தாராளமாகக் கூட்டிச் சொன்னார்கள். உண்மையில் 1933இல் சுமார் 5 லட்சம், 1 வீதத்துக்கும் குறைவு. இந்த ஒரு எண் தெரியாவிட்டால் “அவர்கள் நாட்டையே பிடித்துவைத்திருந்தார்கள்” என்ற நாசிப் பிரசாரம் பிள்ளையின் தலையில் பாதி உண்மையாகவே தங்கிவிடும். முதல் பாடவேளையில் இதைக் கேட்டு எழுதவையுங்கள், பிறகு சொல்லுங்கள்.

கொழும்பு சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் எழுதும் கேம்பிரிட்ஜ் உயர்தர வரலாற்றில் மூன்றாம் தாளில் ஹொலோகோஸ்ட் ஒரு தெரிவு. 40 புள்ளி. வரலாற்றாசிரியர் ஒருவரின் பந்தியைக் கொடுத்து, எழுதியவரின் விளக்கமும் அணுகுமுறையும் என்ன என்று கேட்பார்கள். திட்டம் மேலிருந்து வந்தது என்பவரா, கீழிருந்து படிப்படியாக முற்றியது என்பவரா, கண்டுபிடிக்கவேண்டும். தெரிந்த தகவலையெல்லாம் கொட்டுகிற பிள்ளைக்குப் புள்ளி குறையும். பந்தியிலிருந்து சொல்லெடுத்துக் காட்டுகிற பிள்ளைக்கு ஏறும். இந்த மாதிரி ஒரு பந்தியை எளிய தமிழில் எழுதி ஐந்தாம் பாடவேளைக்கு வைக்கலாம். சாதாரண தரத்தில் இந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதே இல்லை.

#8 வெண்கட்டி

நடிப்புப் பயிற்சியை விட்டாச்சு. ஆனால் முக்கியமான கேள்வியை எல்லோரும் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். வெள்ளவத்தையில் தமிழ் வகுப்பு. இரண்டாம் பாடவேளையிலேயே ஒரு பிள்ளை “சேர், அப்ப முள்ளிவாய்க்கால்?” என்று கேட்கும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2021இலிருந்து தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரத்துக்கென்று சட்டமே இருக்கிறது.

#9 ஆவணக்காரி

ஒன்ராறியோ சட்டத்தைச் சரியாகச் சொல்லவேண்டும். மே 18இல் முடியும் ஏழு நாளை அது பிரகடனம் செய்கிறது, மக்கள் தங்களை அறிவூட்டிக்கொள்ள ஊக்குவிக்கிறது. பாடத்திட்டத்தில் அலகு எதையும் கட்டாயமாக்கவில்லை. அங்கே தரம் 6இல் 2023 முதல் கட்டாயமானது ஹொலோகோஸ்ட்.

கேள்விக்குப் பதில்: கேட்டால் தட்டிக்கழிக்கக்கூடாது, அந்த நிமிடமே தீர்ப்பும் சொல்லக்கூடாது. நான்காம் பாடவேளையை 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கையின் இரண்டாம் உறுப்புரைக்கு வையுங்கள். நான்கு வகைக் குழு: தேசிய, இன, மரபின, மத. ஐந்து செயல்: கொல்லுதல், கடும் உடல் உளப் பாதிப்பு, அழிவை ஏற்படுத்தும் வாழ்நிலையைத் திணித்தல், பிறப்பைத் தடுத்தல், பிள்ளைகளை வேறு குழுவுக்கு மாற்றுதல். எல்லாவற்றுக்கும் மேல், குழுவை முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம். பிள்ளைகள் எண்ணிக்கையைத்தான் அளவுகோல் என்று நினைத்துக்கொண்டு வரும். கம்போடியாவைக் காட்டுங்கள்: 1975–79இல் க்மெர் ரூஜ் ஆட்சியில் சுமார் 17 லட்சம் பேர் இறந்தார்கள். ஆனால் அங்குள்ள சிறப்பு நீதிமன்றம் 2018இல் இனப்படுகொலை என்று தீர்த்தது வியட்நாமியர் மீதும் சாம் முஸ்லிம்கள் மீதும் நடந்ததை. ஏனைய பெருந்தொகைக் கொலைகள் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகவே தண்டிக்கப்பட்டன. சட்டத்தில் அரசியல் குழுவுக்கு இடமில்லை. அதனால் அந்தச் சாவு சின்னதாகிவிடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

இந்த அடித்தளத்தோடு இலங்கை பற்றிப் பதிவிலுள்ளதை அப்படியே வையுங்கள். வட மாகாண சபை 2015 பெப்ரவரி 10 இனப்படுகொலை என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே வருட ஐ.நா. மனித உரிமை அலுவலக விசாரணை, போர்க்குற்றங்களும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்ததை வலுவாகச் சுட்டும் சான்றுகள் உண்டு என்றது. இனப்படுகொலை என்ற முடிவுக்கு அது வரவில்லை. 2022இல் கனடா நாடாளுமன்றம் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவுநாளாக ஏற்றது. இலங்கை அரசு மறுக்கிறது. சர்வதேச நீதிமன்றம் எதுவும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஐந்து வரி. பிள்ளைகள் உறுப்புரையைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடட்டும்.

#10 தெமட்டகொடை நானா

அக்கா சொன்னதோடு உடன்பாடு, ஒரு நிபந்தனை. அந்த வகுப்பில் வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேற்றிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம், போனவர்கள் 70,000க்கு மேல். அதே உறுப்புரையை, அதே அளவுகோலை அதற்கும் வைக்கத் தயாரில்லாத ஆசிரியர் நான்காம் பாடவேளையைத் தொடாமல் இருப்பது நல்லது. யாருடைய வலி பெரிது என்று ஒப்பிடும் போட்டியாக அது மாறினால் உடனே நிறுத்துங்கள்.

ஒரு உத்தி இருக்கிறது. இஸ்ரேலிய, பலஸ்தீன ஆசிரியர்கள் சேர்ந்து தயாரித்த ஒரு பாடநூலில் பக்கத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: ஒரு ஓரத்தில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மறு ஓரத்தில் பலஸ்தீனர் சொல்வது, நடுவில் வெறும் கோடுகள். நடுவைப் பிள்ளை எழுதவேண்டும். இஸ்ரேலியக் கல்வி அமைச்சு 2010இல் அதைத் தடுத்தது வேறு கதை. கொப்பியில் இரண்டு கோடு கீறினால் நமக்கும் அந்தப் பக்கம் தயார். நடு நிரலில் எழுதியதை வகுப்பில் உரத்து வாசிக்கச் சொல்லவேண்டாம்.

#11 மூலாதாரம்

நானா சொன்னதற்கு மேல் ஒரு எச்சரிக்கை. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. உறுப்புரை வாசிப்பதும் பதிவிலுள்ளதைச் சொல்வதும் தூண்டுதல் ஆகாது. இருந்தாலும் ஆறு பாடவேளையின் பாடக்குறிப்பையும் ஆவணப் பிரதிகளையும் முன்கூட்டியே அதிபரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்பம் வாங்கிவையுங்கள். பிரச்சினை வந்தபிறகு வாய்ப்பேச்சு நிற்காது.

ஆசிரியருக்குத் துணை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் இருக்கிறது. பாடநூலிலிருந்து போர்க்கொடுமைகளை நீக்கச் சொன்ன அமைச்சுக்கு எதிராக வரலாற்றாசிரியர் இயெனாகா சபுரோ 1965இல் முதல் வழக்குப் போட்டார். 1997இல்தான், மூன்றாவது வழக்கில், கைதிகள் மீது உயிரியல் ஆயுதப் பரிசோதனை செய்த 731ஆம் படைப்பிரிவு பற்றிய பகுதியை நீக்கச் சொன்னது சட்டவிரோதம் என்று நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது.

#12 கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. இப்போது வரிசை இப்படி:

1. போருக்கு முந்திய யூதர் வாழ்க்கை. 1 வீதக் கணக்கு. சாதாரணக் குடும்பப் படங்கள்.
2. 1933இலிருந்து 1941 வரை படிப்படியாக: யூதரின் குடியுரிமையைப் பறித்த 1935 நூரெம்பேர்க் சட்டங்கள், 1938 நவம்பர் தாக்குதல்கள், 1941 செப்டெம்பரில் உக்ரைனின் கீவ் நகரப் பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டு நாளில் சுட்டுக்கொல்லப்பட்ட 33,771 பேர்.
3. வான்சே பட்டியல்.
4. உடன்படிக்கை உறுப்புரை, கம்போடியா, பிறகு கேள்விகள்.
5. வரலாற்றாசிரியர் பந்தி.
6. ருவாண்டா: அடையாள அட்டையும் பள்ளிக்கூடமும்.

பொஸ்னியாவை விட்டுவிட்டேன், நேரம் போதாது. புள்ளி போடுவதா?

#13 ஆவணக்காரி

நான்கையும் ஐந்தையும் மாற்றுங்கள். பந்தி வாசித்துப் பழகிய பிறகுதான் உறுப்புரை பிடிபடும். சூடான பாடவேளைக்குப் பின்னால் ருவாண்டா வந்தால் ஒப்பீடும் தானாக அமையும். இரண்டாவதில் எண்கள் கூடிவிட்டன. பாபி யார் ஒன்றே போதும், நவம்பரை வாயால் சொல்லுங்கள்.

புள்ளி வேண்டாம். ஒவ்வொரு நாளும் கடைசி 5 நிமிடம் ஒரு துண்டுத்தாள், பெயர் எழுதாமல். இரண்டு கேள்வி: இன்று எந்த வரி உங்கள் முந்திய எண்ணத்தை மாற்றியது? எது இன்னும் விளங்கவில்லை? இரண்டாவதுக்கு வரும் பதில்தான் அடுத்த வகுப்பின் முதல் 5 நிமிடம்.

#14 கரும்பலகை

சரி. பட்டியல் தலைக்கு ஒன்றா, இருவருக்கு ஒன்றா? முப்பது போட்டோக்கொப்பி எடுக்கவேண்டுமா?

#15 ஆவணக்காரி

இருவருக்கு ஒன்று, பதினைந்து போதும். தலைக்கு ஒன்று கொடுத்தால் ஒருவரோடொருவர் கதைக்காமல் தனித்தனியாக வாசிப்பார்கள். ஏ3 தாளில் அடியுங்கள். மூலத்தின் தட்டச்சு எழுத்து ஏ4இல் சிறுத்துவிடும். நாட்டுப் பெயர்களுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதிவிட்டுப் பிரதியெடுங்கள். எண்களில் ஆயிரங்களைப் பிரிக்க ஜேர்மன் வழக்கப்படி புள்ளி போட்டிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பிள்ளைகள் 3.500ஐ மூன்றரை என்று வாசிக்கும்.